ஏலே, முதல்ல மெதுவா அடிச்சுக் காட்டு

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. கையில என்னடே அம்புட்டுப் பெரிய பெட்டி? தவிலு படிக்க வந்தியா, இல்ல தனிக்குடித்தனம் போறியா? தெற, பாப்போம்.

விரலுக்கு ரப்பர் கூடு ஒரு செட்டு. அதுக்கு மாத்து இன்னொரு செட்டு. கம்பு மூணு. கம்பப் போட ஒரு பை. அந்தப் பையப் போட இன்னொரு பை. தாளம் போடுததுக்கு ஒரு மிசினு. உன்ன நீயே படம் பிடிக்கதுக்கு ஒரு முக்காலி. அது உச்சியில வட்டமா ஒரு வெளக்கு. சரிதாம்லே, கடையில ஒண்ணையும் மிச்சம் வைக்கல. இதெல்லாம் வாங்கி முடிக்க எத்தன சாயங்காலம் போச்சுன்னு கணக்கு வச்சிருக்கியா? அத்தன சாயங்காலமும் தொடையில தட்டிக்கிட்டு இருந்தாலே இந்நேரம் முதல் பாடம் முடிஞ்சிருக்கும்லா?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவ எவ்வளவோ தேவலை. ஆடிப் பாத்துட்டாவது சொன்னா. இப்ப உள்ளவுக ஆடுததுக்கு முன்னாலயே கூடத்த இடிச்சுக் கட்ட கொத்தனாரக் கூட்டியாந்திருதாக.

இதப் படிக்கது பொம்பளப் பிள்ளையா இருந்தா, 'ஏலே'ன்னு வார இடத்துலல்லாம் 'ஏளா'ன்னு வச்சிக்கோ தாயி. இப்பம் பிள்ளைகளும் தவிலத் தோள்ல மாட்டிக்கிட்டு மேடைக்கு வருதுக. நல்லாவே வாசிக்குதுக. 'அம்புட்டு வெயிட்ட அதுக எப்படித் தூக்கும்'னு ஒருத்தன் என்கிட்ட ரொம்ப அக்கறையா விசாரிச்சான். ஏம்டே, தண்ணிக்கொடத்த இடுப்புல வச்சு நாலு தெரு தாண்டித் தூக்கிட்டு வந்தது யாரு? உங்க தாத்தனா?

நான் புதுசுக்கெல்லாம் எதிரின்னு நினைச்சிராத. தவிலுங்கது பலாக்கட்டையக் குடைஞ்சு செய்யுதது. அந்தக் காலத்துல ரெண்டு பக்கத் தோலையும் வார் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். ஐப்பசி மழையில தோலு தொங்கிப்போவும். கச்சேரிக்குப் போனா, வாசிக்க நேரத்த விட வார் இழுக்க நேரம் கூட. பொறவு இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்துச்சு. ஸ்பேனர வச்சு நாலு திருகு, சோலி முடிஞ்சுது. 'இரும்பு ஏறுனா நாதம் செத்துரும்'னு எங்க ஆளுகள்ல பாதிப் பேரு மூஞ்சியச் சுளிச்சாக. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அவுக தவில்லயும் போல்ட்டு மினுங்குது. கேட்டா, 'நான் சொன்னது வேற இரும்பு'ங்காக.

விரல் கூடும் அப்படித்தான். துணியப் பசையில நனைச்சு விரல்ல சுத்திக் காயவச்சு நாங்களே செஞ்சுக்கிடுவோம். நீ கடையில வாங்குத. வாங்கிக்கோ, தப்பில்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சாமான் உன் கைய வேலை வாங்குதா, இல்ல உன் கைக்கு லீவு குடுக்கா?

தாள மிசினுக்கு வருவோம். டிக்கு டிக்குன்னு அது பாட்டுக்கு அடிக்கும். நீ அதுகூட ஓடுவ. வீட்டுல நல்லாத்தான் இருக்கும். நடை சரியாங்கதப் பாக்க அப்பப்போ போட்டுப் பாரு. ஆனா நாளைக்குக் கோயில் கொடைக்கு வந்து நிப்பேல்லா? அங்க எந்த மிசினு?

நையாண்டி மேளம்னா என்னன்னு தெரியுமா? நாயனம், தவிலு, பம்பை, தமுக்கு, தாளம். கரகமும் காவடியும் இதுக்குத்தான் ஆடும். எங்க திருநெல்வேலிச் சீமையில அம்மன் கொடைன்னா செவ்வாக்கிழமை. ராத்திரி சாமக்கொடை. சாமியாடி குளிச்சு முடிச்சு, ஈரத்தோட வந்து நிப்பாரு. கண்ணு பாதி மூடியிருக்கும். மேளக்காரன் பையத் தொடங்கணும். ஒரே நடையில நிறுத்திப் பிடிக்கணும். பொறவு ஆருக்கும் தெரியாம, எண்ணெய் ஊத்துன கணக்கா, நடைய உசத்தணும். அவரு தோளு அசையும். காலு எடுத்து வைக்கும். அந்த நேரத்துல நீ அவசரப்பட்டு ஒரு எட்டு முன்னால குதிச்சேன்னு வையி. மூடுன கண்ணுல ஒண்ணத் தெறந்து உன்ன ஒரு பார்வை பாப்பாரு பாரு. அதுக்கு முன்னால எந்த யூனிவர்சிட்டி பரிச்சையும் ஒண்ணுமில்லலே. கூட நிக்க நாயனக்காரரு சீவாளிய வாயிலேருந்து எடுத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிடுவாரு, 'இந்தப் பய எங்க செட்டு இல்ல'ங்கது கணக்குல.

அந்த இடத்துல நடைய யாரு பிடிக்கா? உன் வயித்துக்குள்ள இருக்க தாளம்தான் பிடிக்கணும். அது மெதுவாப் பழகுனவனுக்குத்தான் உள்ள போயி உக்காரும்.

மெதுவான்னா உனக்குச் சடப்பா இருக்கு, என்ன? தெரியும். வந்த அன்னைக்கே மூணாங் காலம் வேணும் உனக்கு. முதல் காலத்துல எண்ணிக்கைக்கு ஒரு சொல்லு. ரெண்டாங் காலத்துல ரெண்டு. மூணாங் காலத்துல நாலு. தாளம் போடுத கை மட்டும் மூணுக்கும் ஒரே நடையில விழணும். அந்தக் கையப் படம் பிடிச்சுப் போடுதவன் ஒருத்தனாவது உண்டா? எல்லாவனும் பறக்குத விரலத்தான் போடுதான். வேகத்துல ஒரு வசதி இருக்கு பேராண்டி. ரெண்டு சொல்லு முழுங்குனாக் கூட ஒருத்தனுக்கும் தெரியாது. மெதுவா வாசிச்சா, வெத்தல போடுத கிழவி கூடக் கண்டுபிடிச்சிருவா.

கை இருக்கு பாரு, அது சரியான கோட்டி. நீ என்ன நினைச்ச அப்படிங்கது அதுக்குத் தெரியாது. என்ன செஞ்சங்கது மட்டுந்தான் தெரியும். ஒரு சொல்லத் தப்பா நூறு தடவ அடிச்சேன்னா, அந்தத் தப்ப நூறு தடவ கருத்தாப் படிச்சிருக்கன்னு அர்த்தம். பொறவு அத மறக்கடிக்க இன்னும் எத்தன நூறோ! அதனால தடுக்குத இடம் வந்தா நில்லு. அதுக்கு ரெண்டு சொல்லு முன்னால போயி, அந்தச் சந்த மட்டும் பையத் தாண்டு. நீ என்ன செய்யுத? ஒவ்வொரு தடவயும் மொதல்லேருந்து எடுக்க. மொத வரி உனக்குத் தூக்கத்துலயும் வருது. எட்டாவது வரி முழிச்சிருக்கும்போதும் வரல. தெரிஞ்சத வாசிச்சுத் தெரியாதத மறைக்கதுக்குப் பேரு சாதகமா?

இன்னொண்ணு. வாயில சொல்லு. வாய்க்கு வராதது கைக்கு வராது. கொன்னக்கோலுன்னு மேடைக்காரங்க பெரிய பேரு வச்சிருக்காக. நாங்க சொல்லுக்கட்டு சொல்லுததும்போம். மாடு மேய்க்கயும் சொல்லலாம், பஸ்சுக்கு நிக்கயும் சொல்லலாம். பக்கத்துல நிக்கவன் ஒரு மாதிரியாப் பாப்பான். பாத்துட்டுப் போறான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பென்சில எடுக்காத. கைவிரலு போதும். ஆதி தாளம் 8 எண்ணிக்கை. கடைசி 4 எண்ணிக்கைய எடுத்துக்கோ. எண்ணிக்கைக்கு 4 மாத்திரைன்னா 16. 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை. மூணு தடவ சொன்னா 15. ஒண்ணு மிச்சம் இருக்கு, அத என்ன செய்ய? முதல் மாத்திரைய விட்டுட்டு எடு. மூணு ததிங்கிணதொம்மும் முடிஞ்சு, அடுத்த அடி சரியாச் சமத்துல, அதான் தாளம் தொடங்குத இடத்துல, வந்து விழும். அம்புட்டுத்தான் தீர்மானம். இதுல எது கஷ்டம் சொல்லு பாப்போம். அந்த ஒரு மாத்திரை சும்மா இருக்கணும் பாரு, அது. வார பய ஒருத்தனாலயும் முடியல. கை துறுதுறுங்குது. கையக் கட்டிக்கிட்டு ஒரு மாத்திரை இருக்கத் தெரியாதவனுக்குத்தான் மூணாங் காலம் வேணுமாம்.

'முப்பதே நாளில் தவில்'னு ஒருத்தன் பாடம் நடத்துதானாம். என் பேத்திதான் காட்டுனா. முப்பது நாள்ல கம்ப எப்படிப் பிடிக்கதுங்கது வேணா வரும். அதுவும் பூவரசங்கம்பா இருந்தா. அவன் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுக்கான், பாவம், நல்ல பயதான். 'கட்டைவிரல் மேலேயும் கீழேயும் இருக்கு, பிடிச்சா மேல அழுத்துங்க'ங்கான். முதல்ல தவிலோட தொப்பிய, அதான் கம்பு விழுத பக்கத்த, அழுத்தி அடிலேன்னு தோணிச்சு எனக்கு.

ஊருக்காரங்களுக்குத் தவிலுன்னா 'தில்லானா மோகனாம்பாள்'தான். 1968-ல வந்த படம். டி.எஸ். பாலையா தவில மாட்டிக்கிட்டு உக்காந்த உக்காரு இருக்கே, அடடா. நடிகரு அவரு. முகத்துலயே முக்கால் கச்சேரி நடத்திட்டாரு. அதப் பாத்துட்டு என்கிட்ட வார பயலுவ முதல்ல படிக்கது தோளக் குலுக்குததத்தான். சொல்லு ஒண்ணும் விழல. தோளு மட்டும் சமத்துக்குச் சரியா வந்து நிக்கி.

தாய் தகப்பன்மாரு கூத்து இன்னொரு பக்கம். பிள்ளைக்குக் கூடு மாட்டத் தெரியல, அதுக்குள்ள அரங்கேற்றத்துக்கு மண்டபம் பாத்தாச்சு. பிளக்ஸ்ல 'இளம் மேதை'. ஒரு தகப்பன் வந்து, 'ஐயா, பையன் கண்ணக் கட்டிக்கிட்டு வாசிச்சு சாதனை பண்ணணும்'னாரு. ஏம்யா, தவிலு வாசிக்கக் கண்ணு எதுக்கு? கண்ணத் தெறந்துக்கிட்டுத் தவிலப் பாத்து வாசிக்கவன் எவனாவது உண்டா? காதக் கட்டிக்கிட்டு வாசிச்சாலாவது சாதனைன்னு ஒத்துக்கிடலாம். அதத்தான் உங்க மவன் இப்பமே செய்யுதானேன்னேன். மனுசன் அதுக்குப் பொறவு வரல.

முறையாப் படிக்கணுமா? பல மாவட்டத்துல அரசு இசைப்பள்ளி இருக்கு. மூணு வருசப் படிப்பு. 12 வயசுலேருந்து 25 வயசு வரைக்கும் சேத்துக்கிடுதாக. பாட்டு, வயலின், மிருதங்கம், பரதம்னா ஏழாங்கிளாசு பாஸாகியிருக்கணும். நாதசுரம், தவிலு, தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும். தவில்காரனுக்கு ஏழாங்கிளாசு வேண்டாம்னு எழுதி வச்ச மவராசன் யாரோ, நல்லா இருக்கட்டும். பதினஞ்சையும் ஒண்ணையும் கூட்டத் தெரிஞ்சா எங்களுக்கு அதுதான் காலேஜு. கிண்டல் பண்ணுதேன்னு நினைக்காத, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல். எத்தனையோ பிள்ளைக அங்க படிச்சுட்டு சோறு சாப்பிடுது.

ஆனா 25 தாண்டுனவன் எங்க போவான்? என் திண்ணைக்கு வாரான்.

அப்படி வந்தவருதான் நம்ம ரிட்டையர்டு ஆபீசரு. எந்த ஆபீசுன்னு கேக்காத, பெரிய ஆபீசுதான். முதல் நாள் வரும்போதே கையில ஒரு பைலு. நாலு கலர்ல பேனா. 'ஐயா, இதுக்கு சிலபஸ் உண்டா?'ன்னாரு. உண்டு, நான் உயிரோட இருக்க வரைக்கும்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு. சொல்லுக்கட்டச் சிவப்புல எழுதுதாரு, தாளத்தப் பச்சையில எழுதுதாரு, நான் திட்டுதத நீலத்துல எழுதுதாரு. நீலந்தான் சீக்கிரம் தீந்துச்சு. வாரக் கடைசியில 'இதுவரைக்கும் எத்தன பர்சன்ட் முடிஞ்சிருக்கும்'பாரு. உங்க ஆபீசுல பைலு எத்தன பர்சன்ட் நகருமோ அத்தனதான்யான்னா, வாயிக்குள்ள சிரிச்சுக்கிடுவாரு.

விரலு மடங்காது. மணிக்கட்டு திரும்பாது. தரையில உக்காந்தா எந்திரிக்க ஆளு வேணும். பன்னெண்டு வயசுப் பய ஒரு மூச்சுல பிடிக்கதப் பிடிக்க இவருக்கு ஒரு மாசம் ஆவும். ஆனா பேராண்டி, அந்த ஆளுகிட்ட ஒரு சங்கதி உண்டு, உன்ட்ட அது கிடையாது. அவரு கேப்பாரு. காதால கேக்கதும் உண்டு, வாயால கேக்கதும் உண்டு. சின்னப் பயலுக்கு ஒரு பாடம் சொன்னா, 'சரி'ம்பான், அடிச்சுட்டு ஓடிருவான். இவரு ஒருநா, 'ஐயா, இந்தச் சொல்லுல மட்டும் தொப்பியில விழுத அடி ஏன் கொஞ்சம் தணிஞ்சு விழுது?'ன்னு கேட்டாரு.

தணிஞ்சா விழுது? யாருக்குத் தெரியும்? எங்க ஐயா வாசிச்சாரு, நான் வாசிச்சேன். ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. தவிலத் தூக்கி மடியில வச்சு, நானே மெதுவா, ரொம்ப மெதுவா வாசிச்சுப் பாத்தேன். ஆமா, தணிஞ்சுதான் விழுது. அடுத்து வலந்தலையில ஒரு அடி கணீர்னு விழணும். அதுக்கு வழி விட்டு இது ஒதுங்கிக்கிடுது. எங்க ஐயா கை எனக்குக் குடுத்த சங்கதிய எனக்கு எடுத்துச் சொன்னது, விரலு மடங்காத ஒரு மாணவன். அன்னைக்குப் பாடத்துக்கு யாரு யாருக்குச் சம்பளம் குடுக்கணும்னு யோசிச்சேன். நல்லவேளை, அவருக்கு அது தோணல.

சொல்லிக் குடுக்கதுல உள்ள லாபம் இதுதான்டே. தானா ஓடுத கைய நிறுத்தி, 'நீ என்ன செய்யுத'ன்னு கேக்க வேண்டியிருக்கு. தனியாச் சாதகம் பண்ணும்போது நமக்கு நாமே ரொம்ப நல்லவன். தப்பு வந்தா 'சரி சரி'ன்னு தாண்டிருவோம். மாணவன் தாண்ட மாட்டான். நம்ம தப்பையும் சேத்துல்லா படிச்சுட்டு வந்து மறுநா முன்னால வாசிப்பான்! அப்பந்தான் தெரியும், ஓகோ, இந்தச் சவம் நம்மட்டேருந்துதான் போயிருக்குன்னு.

இதுல ஒரு வேடிக்கை கேளு. ரெண்டு மாசம் படிச்ச பய பேருக்கு முன்னால 'குரு'ன்னு போட்டுக்கிட்டான். வீட்டு வாசல்ல போர்டு. முதல் நிலை, இடை நிலை, உயர் நிலை. நிலைக்கு ஒரு சர்டிபிகேட்டு. நம்ம ஆளுக அவன ஏசுதாக. நான் ஏச மாட்டேன். ரெண்டு மாசம் படிச்சவன் நேத்து வந்தவனுக்குத் தாராளமாச் சொல்லிக் குடுக்கலாம். குருகுலத்துல பெரிய மாணவன்தான் சின்ன மாணவனுக்குப் பாதிப் பாடம் சொல்லுவான். வாத்தியாரு திண்ணையில படுத்திருப்பாரு, தப்பு வந்தா மட்டும் இருமுவாரு. அதெல்லாம் சரிதான். போர்டு மாட்டுனதும் அந்தப் பய என் திண்ணைப் பக்கம் வாரத நிறுத்திட்டான் பாரு, அங்கதான் கேடு. ரெண்டு மாசத்தோட கையி நின்னு போச்சு. இனி அவன்ட்ட முப்பது வருசம் படிச்சாலும் ரெண்டு மாசந்தான் கிடைக்கும்.

கிழட்டுப் பயலுவ மட்டும் என்ன, யோக்கியமா? 'எங்க குரு பாடம், அதுல இம்மியும் மாறாது'ன்னு மீசையத் தடவுதான் எங்க சேக்காளி ஒருத்தன். உமையாள்புரம் சிவராமனத் தெரியும்லா, மிருதங்கம்? 1935-ல பிறந்தவரு. பத்து வயசுல கும்பகோணத்துல அரங்கேற்றம். அருபாதி நடேச ஐயரு, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரு, பாலக்காடு மணி ஐயரு, கும்பகோணம் ரங்கு ஐயங்காருன்னு நாலு பேருட்டப் படிச்சாரு. சட்டமும் படிச்சவரு. கண்ணாடி நாருல மிருதங்கம் செஞ்சு பாத்தவரு. 2010-ல பத்ம விபூஷண் குடுத்தாக. 80 தாண்டியும் மேடை ஏறுனாரு, சொல்லியும் குடுத்தாரு. அவருக்கு நாலு வாசல் வேண்டியிருந்துச்சு. எங்க சேக்காளிக்கு ஒரு வாசலே போதுமாம், அதையும் உள்பக்கம் தாப்பாப் போட்டுக்கிட்டான்.

நீ டிரம்ஸ் பக்கமும் தலையக் காட்டுத பயதான, உன் பக்கத்துக் கதையே ஒண்ணு சொல்லுதேன். என் மாணவன் ஒருத்தன் சொன்னது. கனடாவுல நீல் பியர்ட்னு ஒரு மனுசன். ரஷ்னு ஒரு குழுவுல 1974-லேருந்து வாசிச்சாரு. உலகம் பூரா பேரு. 1994-ல பட்டி ரிச்ங்கிற பழைய டிரம்ஸ்காரருக்கு அஞ்சலியா ஒரு இசைத்தட்டு போட்டாக. அங்க ஸ்டீவ் ஸ்மித்ங்கவரு வாசிச்சதப் பாத்து இவரு அசந்துட்டாரு. 'எப்படிய்யா இவ்வளவு முன்னேறுன?'ன்னு கேட்டா, பிரெடி குருபர்ங்கிற வாத்தியாரக் கை காட்டிட்டாரு அவரு. இவரும் நேராப் போயி அந்த வாத்தியாருட்டச் சேந்துட்டாரு. நாப்பது வயசு தாண்டுன ஆளு, இருவது வருசம் மேடையில நின்ன ஆளு. கம்பு பிடிக்கதுலேருந்து திரும்பத் தொடங்குனாரு.

அந்த ஸ்டீவ் ஸ்மித்து இருக்காரே, அவரு பொறவு என்ன படிச்சாரு தெரியுமா? நம்ம கொன்னக்கோலு. தகதிமி தகிடன்னு மேடையிலயே சொல்லுதாராம். அமெரிக்காக்காரரு வாயத் தெறந்து சொல்லுதாரு. உனக்குச் சொல்லச் சொன்னா வெக்கமா இருக்கு. அக்கம் பக்கத்துல சிரிப்பாகளாம்!

வாத்தியாரு வேலையில இன்னொரு கண்டம், இடது கைப் பிள்ளை. வந்ததும் கம்பப் பிடுங்கி இடது கையில வைக்காத வாத்தியாரு நம்ம ஊருல கம்மி. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரரு. அவுக அப்பா முத்தையா பிள்ளை தவில்ல பேரு வாங்குன மனுசன். இடது கையால வாசிச்சே மிருதங்கத்துல மவன் எங்கயோ போயிட்டாரு. மேடையில உக்காருத இடம்தான் மாறும். அதனால யாருக்கு என்ன குடி முழுகிப் போச்சு? அப்படி ஒரு பிள்ளை என்கிட்ட வந்தப்போ, நானும் கம்ப மாத்திப் பிடிச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன். என் வலது கை கம்பப் பிடிக்கத் தெரியாம முழிச்சதப் பாத்து அந்தப் பய சிரிச்ச சிரிப்பு இருக்கே! சிரிக்கட்டும். புதுசாப் படிக்கவனுக்கு எங்க வலிக்கும்னு எனக்கு மறந்து போயிருந்துச்சு, அந்த மாசம் பூரா மணிக்கட்டு ஞாபகப்படுத்திச்சு.

இப்பம் என் சாதகத்தக் கேக்க, அதானே? தவில முன்ன மாதிரி தோள்ல மாட்டி ராப்பூரா நிக்க முடியாது. காலையில வெளிச்சம் வர முன்னால வாயில கொஞ்சம். பொறவு மரப்பலகையில கம்பும் விரலும் கொஞ்சம். கையி 'போதும் கிழவா'ன்னதும் நிறுத்திருவேன். சாயங்காலம் மறுபடி கொஞ்சம். ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சு மணி நேரம் உக்காந்து அடிச்சுட்டு, ஆறு நாளு வெரல மடக்க முடியாம அலையுதானே ஒரு கூட்டம், அந்தச் சோலி நமக்கு ஆவாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து ரப்பர் பலகை வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னேல்ல? அது நல்லதுதான், வச்சிக்கோ. காதுல பஞ்சு வைக்கதும் நல்லது. தவிலு ஊருக்கே கேக்கச் செஞ்ச வாத்தியம். நம்ம காது அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. எங்க செட்டுல பாதிப் பேரு இன்னைக்கு 'ஆங்?' 'ஆங்?'னுதான் பேசுதோம். கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிட்டா மட்டும் எப்படியோ கேட்டுருது.

சரி, கதை போதும். கம்பு மூணுல ஒண்ண எடுத்துக்கோ. மத்த ரெண்டும் வீட்டுல இருக்கட்டும். ஒரு மாசம் முதல் காலந்தான். ரெண்டாங் காலம் எப்பன்னு கேட்டேன்னா இன்னும் ஒரு மாசம் கூட. மாசம் முடியும்போது, உன்னவிடச் சின்னப் பய ஒருத்தன உன் முன்னால உக்கார வைப்பேன். உனக்குத் தெரிஞ்ச அஞ்சு சொல்ல அவனுக்கு நீ சொல்லிக் குடுக்கணும். அவன் தப்பா அடிச்சா முதல்ல உன் கையப் பாரு, பொறவு அவன ஏசு. சம்பளத்தப் பத்தி உங்க அப்பன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நாளைக்கு வெள்ளென வா. செவ்வாக்கிழமை மட்டும் வராத, எனக்குக் கொடை இருக்கு.